பகுதி நான்கு, கடைசி வரி

மாத்திரை அட்டையோடு வரும் மெல்லிய காகிதத்தை மடிப்பு மடிப்பாகப் பிரித்து, கடைசி வரி வரை படித்து முடித்த பிறகே மாத்திரையை வாயில் போடுகிறவள் அவள். பேருந்துச் சீட்டின் பின்பக்கம், வாஷிங் மெஷினின் உத்தரவாத அட்டை, லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் 'எட்டு நபர்கள் மட்டும்' என எதையும் அவள் விட்டுவைத்ததில்லை. "எங்க கல்யாணப் பத்திரிகையைக் கையில வாங்கினதும் இவ பார்த்தது என் பேரை இல்ல. அச்சகத்துக்காரன் போன் நம்பர்ல ஒரு எண் குறையுதுன்னு கண்டுபிடிச்சா," என்று அவள் கணவர் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார்.

அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் ஒருவன் 'படிக்கத் தெரியாதவள்' என்று ஊரறியச் சொன்னான். அறுபத்து மூன்று பேர் அதற்குச் சிரிப்புக் குறி போட்டார்கள். அந்த எண்ணிக்கையையும் அவள் மறக்கவில்லை. அவனை மன்னிக்கும் உத்தேசம் அவளுக்கு ஒரு நாளும் இருந்ததில்லை.

அவளுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. பதினேழு வருடம் இரண்டாவது மாடியில், ஜன்னலோர மேசை. ஆற்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் எடுக்கும் இடத்தில் ஒரு கருவி மூழ்கிக் கிடக்கும். நாளுக்கு ஒரு அளவீடு அனுப்பும். அவற்றைச் சேர்த்து மாதச் சராசரி போட்டு, தண்ணீர் குடிக்கத் தக்கதா இல்லையா என்று எழுதி, கீழே கையெழுத்திடுவது அவள் பொறுப்பு. அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு காகிதமும் குடிநீர் வாரியத்துக்குப் போகாது.

கணக்குப் போட ஒரு மென்பொருள் இருந்தது. விஞ்ஞானிகள் தங்களுக்காக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தித் தரலாம் என்று பொதுவில் வைத்திருந்தது. அதைத் தொடங்கிவைத்தவர் எங்கோ ஒரு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். மூலநிரலை எழுதியவர் என்பதாலும், கருவறையை விட்டு அசையாமல் எல்லாருக்கும் தரிசனம் தருகிறவர் என்பதாலும், அவள் அவருக்கு வைத்த பெயர் மூலவர்.

ஒரு மாதம் ஆற்றிலிருந்த கருவி பதினோரு நாள் ஊமையாகிவிட்டது. மீதிப் பத்தொன்பது நாள் அளவீடுகளோடு அவள் சராசரி கேட்டாள். அம்மோனியா 0.38 என்று மென்பொருள் சொன்னது. வரம்பு 0.5. 'தக்கது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். ஆறு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பழைய கோப்பைப் புரட்டியபோது அவளுக்கு எதுவோ நெருடியது. கால்குலேட்டரை எடுத்துக் கையால் போட்டாள். 0.60. மறுபடி போட்டாள். 0.60. மூன்றாவது முறையும் அதுவே வந்தது. கருவி பேசாத பதினோரு நாளையும் மென்பொருள் சுழியம் என்று எடுத்துக்கொண்டு, முப்பதால் வகுத்திருந்தது. அந்த மாதம் ஊர் குடித்தது வரம்பு தாண்டிய தண்ணீர்.

அவள் மறைக்கவில்லை. இயக்குநருக்கும் வாரியத்துக்கும் அன்றே எழுதினாள். அதற்கு முன், ஒன்பது நாற்பதுக்கு, மென்பொருளின் கேள்வி மன்றத்தில் ஒரு கேள்வி போட்டாள்: 'விடுபட்ட அளவீடுகளைச் சராசரி சுழியமாகக் கொள்கிறதா? கையேட்டில் இதைப் பற்றி எதுவும் இல்லையே?'

பத்து இருபத்திரண்டுக்கு மூலவர் பதில் தந்தார்.

'கையேட்டைப் படிங்க. பகுதி நான்கு, கடைசி வரி. படிக்கத் தெரியாதவங்களுக்காக நான் மென்பொருள் எழுதல.'

அவள் திறந்து பார்த்தாள். கடைசி வரியில் இருந்தது: 'விடுபட்ட அளவீடுகள் சுழியமாகக் கொள்ளப்படும்.' அந்தப் பகுதியை அவள் நான்கு முறை படித்திருந்தாள். அங்கே அப்படி ஒரு வரி இருந்ததே இல்லை. அச்சிட்டு வைத்திருக்கலாம். காகிதம் வீணாகுமே என்று அச்சிடவில்லை. அந்த ஒரு சிக்கனத்துக்காக அவள் தன்னைத் திட்டிக்கொள்ளாத நாளில்லை.

விசாரணைக் கூட்டத்தில் இயக்குநர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "இது என்னம்மா?"

"இந்த வரி முன்னாடி இல்ல சார்."

"நீங்க கேட்டதும் தானா முளைச்சிருச்சா?"

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மாதிரிகளை எடைபோடும் தராசு அறைக்காரர் ஒரு படி மேலே போனார். "அக்கா மருந்துச் சீட்டு, மளிகைச் சீட்டு எல்லாம் படிப்பாங்க சார். வேலைக்கு வேண்டியதை மட்டும் விட்டுடுவாங்க. பதினோரு நாளைக்கும் சைபர் போட்ட புண்ணியவதி!"

அன்றிலிருந்து அவள் சைபர் அக்கா. கையெழுத்திடும் உரிமை போயிற்று. இரண்டாவது மாடியிலிருந்து அடித்தளத்துக்கு, மாதிரி பாட்டில் கழுவும் அறைக்கு மாற்றினார்கள். உத்தரவில் காரணம் என்ற இடத்தில் எழுதியிருந்தது: 'கையேட்டைப் படிக்காமல் பணியாற்றியது.'

"உன் மேல தப்பே இல்லையா?" என்று கணவர் ஒரு நாள் மெதுவாகக் கேட்டார்.

"இருக்கு. கையால ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கணும். அதுக்கு என்ன தண்டனை வேணா குடுக்கட்டும், வாங்கிக்கறேன். ஆனா படிக்கலைன்னு எழுதியிருக்காங்களே, அது நான் செய்யாத தப்பு. அதை அழிக்காம நான் விடமாட்டேன்."

கணவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரீஸ் படிந்த ஒரு பதிவேட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். முந்தைய மெக்கானிக் எதையோ கழற்றிவிட்டு மாட்டாமல் போயிருந்தான்.

"யாருன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"ஏன் தெரியாது? லிஃப்டுல யாரு கை வச்சாலும் தேதி, நேரம், என்ன செஞ்சான், ஏன் செஞ்சான்னு இதுல எழுதணும். எழுதாம தொட முடியாது." அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க கையேட்டுக்கு இப்படி ஒண்ணு கிடையாதா?"

அவள் கணினியைப் போய்த் திறந்தாள்.

அவளும் பரிசோதனைக்கூடத்தில் இருந்தவர்களும் கையேட்டை ஒரு வலைப்பக்கமாகத்தான் பார்த்திருந்தார்கள். அது மென்பொருளின் நிரலோடு சேர்த்து ஒரே இடத்தில் சேமிக்கப்படுகிறது, ஒவ்வொரு வரிக்கும் பதிவேடு உண்டு, அது எல்லார் கண்ணுக்கும் திறந்தே கிடக்கிறது என்பது யாருக்கும் தோன்றியதில்லை. பகுதி நான்குக்குப் போனாள். கடைசி வரியின் மேல் சுட்டியை வைத்தாள்.

சேர்த்தவர்: மூலவர். நாள்: அதே செவ்வாய்க்கிழமை. நேரம்: காலை 10.10. காரணம்: 'எழுத்துப்பிழை திருத்தம்.'

அவள் கேட்ட பிறகு, அரை மணி நேரத்தில் வரியைச் சேர்த்திருக்கிறார். சேர்த்துவிட்டுப் பன்னிரண்டு நிமிடம் கழித்து, படிக்கத் தெரியாதவள் என்று சொல்லியிருக்கிறார்.

கணவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். படித்ததும் முகம் சிவந்தது. "படம் பிடி. இப்பவே இயக்குநருக்கு அனுப்பு. அந்த ஆளு மன்றத்துலயே போட்டு நாற அடி."

"வேண்டாங்க."

"ஏன்?"

"இப்பக் கேட்டா, 'ஓ, தவறிருச்சு, மன்னிக்கவும்'னு ஒத்தை வரியில முடிச்சுட்டுப் போயிடுவான். இயக்குநரு 'ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதோ குழப்பம்'னுவாரு. எனக்கு அது பத்தாது. அவன் கையாலயே எழுதணும். எங்க எழுதினானோ அங்கேயே எழுதணும். யாராலயும் அழிக்க முடியாத மாதிரி எழுதணும்."

பாட்டில்களைக் கழுவி உலர் அடுப்பில் அடுக்கினால் நான்கு மணி நேரம் காயும். அந்த நேரத்தில் அடித்தளத்துக்கு யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். ஒரு ஸ்டூல், குழாயடியில் எப்போதும் ஈரமான சிமெண்டுத் தரை, தலைக்கு மேலே மேல்மாடிக் கழிவுநீர் ஓடும் சத்தம். அங்கே உட்கார்ந்து அவள் கையேட்டைத் திருத்த ஆரம்பித்தாள்.

கையேட்டின் லட்சணம் அப்படி. 'வடிகட்டி: வடிகட்டும்.' 'போக்கு: போக்கைக் கணக்கிடும்.' கணவர் படித்துவிட்டு, "'லிஃப்ட்: மேலே போகும்'னு எழுதி வச்ச மாதிரி இருக்கு. கீழ வர்றதைப் பத்திப் பேச்சே காணோம்," என்றார். இருநூற்றுப் பதினான்கு செயல்கள். ஒவ்வொன்றையும் அவளே ஓட்டிப் பார்த்தாள். என்ன கொடுக்க வேண்டும், என்ன கிடைக்கும், அளவீடு விடுபட்டால் என்ன ஆகும், எங்கே கால் இடறும் என்று எழுதினாள். கூடவே கையால் போட்டுச் சரிபார்க்க ஒரு சிறு கணக்கு. சராசரிக்கான பக்கத்தில் தன் கதையையே உதாரணமாக வைத்தாள்: 'ஒரு பரிசோதனைக்கூடத்தில் பதினோரு நாள் அளவீடு விடுபட்டது. கையால் போட்டுப் பார்க்காமல் கையெழுத்திட்டார்கள்.' அந்தத் தவறு தன்னுடையது என்பதால் அதையும் மறைக்கவில்லை.

எழுதியது அன்பினால் அல்ல. ஒவ்வொரு பக்கமும் அவள் அவருக்கு அடித்த ஒரு ஆணி. அனுப்பும்போது மட்டும் தேன் தடவி அனுப்பினாள்: 'தங்கள் மேலான பார்வைக்கு. சிறு விளக்கம் சேர்த்துள்ளேன். நன்றி.' மூலவர் படித்தாரோ இல்லையோ, கட்டைவிரல் குறி போட்டு ஏற்றுக்கொண்டார்.

மாமியார் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு ஒரு நாள் கேட்டார். "ஏம்மா, அந்த ஆளு நாசமாப் போகணும்னு நினைக்கிறியா, இல்ல அவனுக்குச் சம்பளமில்லாம வேலை பார்க்கறியா? ஒரு சாபம் விட்டாப் போதுமே."

"சாபம் பலிக்குமான்னு தெரியாது அத்தை. இது பலிக்கும்."

பலிக்கத்தான் செய்தது. முன்பெல்லாம் மன்றத்தில் வாரத்துக்கு நாற்பது கேள்வி வரும். ஒவ்வொருவரையும் நிற்கவைத்து நாலு வார்த்தை குத்திவிட்டுப் பதில் சொல்வது மூலவருக்குப் பொழுதுபோக்கு. ஒரு வருடத்தில் அது வாரத்துக்கு மூன்றாகக் குறைந்தது. எல்லாப் பதிலும் கையேட்டிலேயே கிடைத்துவிட்ட பிறகு அவர் வாசலில் யார் போய் நிற்கப் போகிறார்கள்? 'ஏன் யாரும் எதுவும் கேட்பதில்லை?' என்று அவரே ஒரு முறை மன்றத்தில் எழுதினார். யாரும் பதில் சொல்லவில்லை. அன்று அவள் பாட்டில் கழுவிக்கொண்டே பாட்டு முணுமுணுத்ததாகக் காவலாளி சொல்லித் திரிந்தார்.

இரண்டாவது வருடத் தொடக்கத்தில், மென்பொருளைப் பராமரிப்பவர்கள் கையேட்டுப் பொறுப்பாளர் என்று மூன்று பேரை அமர்த்தினார்கள். அவள் அதில் ஒருத்தி. பொறுப்பேற்றதும் அவள் முன்வைத்தது ஒரே ஒரு விதி. மென்பொருளின் போக்கை மாற்றும் எந்தத் திருத்தத்தோடும் நான்கு வரிகள் இருக்க வேண்டும்: முன்பு எப்படி இருந்தது, எப்போதிலிருந்து, யார் பாதிக்கப்பட்டார்கள், அவர்கள் இனி என்ன செய்ய வேண்டும். மாற்றியவரே எழுத வேண்டும். கையேட்டுப் பொறுப்பாளர் ஒப்புதல் தராமல் திருத்தம் உள்ளே போகாது.

வாக்கெடுப்பில் எல்லாரும் ஆதரித்தார்கள். மூலவர் ஒருபடி மேலே போய், 'அருமையான விதி. நானே நினைத்திருந்தேன்,' என்று எழுதினார். அவள் அதை அச்சிட்டு, பாட்டில் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினாள். இப்போதெல்லாம் அவள் எதையும் அச்சிடாமல் விடுவதில்லை.

பிறகு காத்திருந்தாள். சுழியமாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை என்றாவது ஒரு நாள் அவர் மாற்றித்தான் ஆக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஏனெனில் அது தவறு.

அந்த நாள் வந்தது. மென்பொருளுக்கு ஒரு பெரிய அறிவியல் அங்கீகாரம் கிடைக்கவிருந்தது. மூலவர் ஏற்கனவே மேடைகளில், 'எங்கள் கையேட்டில் பொத்தாம்பொதுவாக ஒரு வரிகூட இருக்காது,' என்று முழங்கத் தொடங்கியிருந்தார். மதிப்பீட்டுக் குழு ஒரே ஒரு குறை சொன்னது: விடுபட்ட அளவீட்டைச் சுழியமாகக் கொள்வதை மாற்றுங்கள், வெள்ளிக்கிழமைக்குள். திங்கட்கிழமை காலை மூலவரின் திருத்தம் அவளுடைய வரிசையில் வந்து விழுந்தது. காரணம்: 'சிறு மேம்பாடு.'

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்: 'வணக்கம். நான்கு வரிகள் இல்லை. விதிமுறைப் பக்கத்தைப் படிக்கவும். கடைசி வரி.'

இரண்டு வருடமாக மனதுக்குள் வைத்திருந்த வாக்கியம். அனுப்பிவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தாள். இனித்தது.

செவ்வாய்க்கிழமை நான்கு வரிகள் வந்தன. மூன்றாவது வரி: 'சில பயனர்கள் குழம்பியிருக்கலாம்.' அவள் திருப்பி அனுப்பினாள்: 'யார்? எப்போது? ஏன்?' புதன்கிழமை அவர் மற்ற இரு பொறுப்பாளர்களிடம் போனார். விதி விதிதான், நீங்களே ஆதரித்ததுதானே என்று இருவரும் கைவிரித்தார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், இது ரொம்பச் சின்ன விஷயம். நாளைக்கு வெளியீடு. குழு காத்திட்டிருக்கு."

"தெரியுங்க சார். நாலே வரிதானே."

"எழுதித் தந்துட்டேனே!"

"தந்தீங்க. குழம்பினவங்க யாருன்னு அதுல இல்ல."

"பொதுவாச் சொன்னேன்."

"பொத்தாம்பொதுவா ஒரு வரிகூட இருக்காதுன்னு நீங்கதானே மேடையில பேசினீங்க?"

"நாம இதுக்கு முன்னாடி பேசியிருக்கோமா?"

அவர் மறந்தே போயிருந்தார். அதுதான் அவளை இன்னும் சுட்டது.

"ஒரே ஒரு தடவை. செவ்வாய்க்கிழமை. நான் கேட்டது ஒன்பது நாற்பது. நீங்க வரியைச் சேர்த்தது பத்து பத்து. என்னைப் படிக்கத் தெரியாதவள்னு சொன்னது பத்து இருபத்திரண்டு. சேர்த்ததுக்கு நீங்க எழுதின காரணம், எழுத்துப்பிழை திருத்தம்."

"மேடம்... அது ஏதோ ஒரு அவசரத்துல..."

"ஆமாங்க. பன்னிரண்டு நிமிஷ அவசரம். நான் ரெண்டு வருஷமா பாட்டில் கழுவறேன்."

"சரி, மன்னிப்புக் கேட்டுக்கறேன். தனியா ஒரு கடிதமாவே எழுதித் தரேன்."

"தனியா எதுவும் வேண்டாங்க. திட்டினது எல்லார் முன்னாடியும்தானே? நாலு வரி போதும்."

"இதை எழுதினா என் பேரு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"என் பேரு என்ன ஆச்சுன்னு கேளுங்க சார். சைபர்."

அவள் வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் யோசித்தாள். அவர் வேறு வழி ஏதாவது கண்டுபிடித்துவிட்டால்? வெளியீட்டையே தள்ளிப்போட்டுவிட்டால்? அன்று மட்டும் ஒன்பது முறை வரிசையைத் திறந்து பார்த்தாள். ஒரு பாட்டில் கைநழுவி உடைந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தது.

'முன்பு: விடுபட்ட அளவீடுகள் சுழியமாகக் கணக்கிடப்பட்டன. எப்போதிலிருந்து: முதல் வெளியீட்டிலிருந்து. கையேட்டில் இது சொல்லப்படவில்லை. யார் பாதிக்கப்பட்டார்கள்: ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தின் ஆய்வாளர். அவர் கேட்ட பிறகே அந்த வரியை நான் சேர்த்தேன்; சேர்த்துவிட்டு, அது முன்பே இருந்ததாக அவரிடம் சொன்னேன். அவர் கையேட்டைச் சரியாகவே படித்திருந்தார். இனி: பழைய சராசரிகளை எல்லாரும் மறுபடி கணக்கிட வேண்டும்.'

மூன்று முறை படித்தாள். நாள், நேரம், வரி எண் எல்லாம் சரிபார்த்தாள். ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தது. அதற்காகவும் ஒரு முறை திருப்பி அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் போட்டுத் தந்தார். அதன் பிறகே 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தினாள். அந்த வார வெளியீட்டோடு அது நாற்பது நாட்டுப் பரிசோதனைக்கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு சிரிப்புக் குறிகூட விழவில்லை.

மூன்று பிரதி அச்சிட்டாள். வாரியத்துக்கு ஒன்று அனுப்பினாள். தராசு அறைக்காரரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒன்றைச் செருகினாள். அவர் எழுந்து நின்று, "அக்கா, நான் அப்ப சும்மா விளையாட்டுக்கு..." என்றார். "தெரியும் தம்பி. படிங்க," என்றாள். மூன்றாவதை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "நல்லதாப் போச்சும்மா. வாரியத்துலருந்தும் இப்பதான் போன் வந்தது. திங்கட்கிழமையிலருந்து மேல வந்துடுங்க. கையெழுத்து உரிமையும் உண்டு. பழசை விட்டுடலாம்."

"விட்டுடலாம் சார். என்னை மாத்தின உத்தரவு கோப்புல அப்படியேதான் இருக்கு. 'கையேட்டைப் படிக்காமல்'னு போட்டிருக்கு. அதுக்குக் கீழ திருத்தம் எழுதிட்டீங்கன்னா நான் போயிடறேன்."

"அதான் வரச் சொல்லிட்டேனேம்மா?"

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பாட்டில்கள் இன்னும் மூன்று மணி நேரம் காய வேண்டும், அவளுக்கு அவசரமில்லை. இயக்குநர் கோப்பை வரவழைத்தார். பேனாவைத் தேடினார். அவள் மேலங்கிப் பையில் பேனா இருந்தது. அவள் எடுத்துத் தரவில்லை. கடைசியில் இழுப்பறைக்குள் ஒன்றைக் கண்டுபிடித்து, உத்தரவின் கீழே எழுதி, அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

'தவறுதலாக இவ்வாறு குறிப்பிடப்பட்டுவிட்டது.'

அவள் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, கடைசிப் புள்ளி வரை படித்தாள்.

"குறிப்பிட்டது யாருன்னு இல்லையே, சார்," என்று கோப்பை அவர் பக்கம் மெல்லத் தள்ளினாள்.